கணினி நினைவகப் பொருத்தப்பாடு

கணினி நினைவகப் பொருத்தப்பாடு என்பது ஒரு மேசைக் கணினியில் பொருத்தப்படும் தற்போக்கு அணுகல் நினைவகம், அக்கணினியின் தாய்ப்பலகை, மையச் செயலகம், இயங்குதளம் ஆகியவற்றோடு இசைந்து பிழையின்றி இயங்கும் தன்மையைக் குறிக்கும். தற்போக்கு அணுகல் நினைவகம் பேச்சுவழக்கில் ராம் எனப்படுகின்றது. உதிரிப்பாகங்களை வாங்கித் தாமே கணினியைக் கட்டமைப்போரும், பழைய கணினியின் நினைவகத்தைக் கூட்ட விரும்புவோரும் பெரும்பாலும் கொள்ளளவையும் விலையையும் மட்டுமே ஒப்பிட்டு நினைவகத்தை வாங்குகின்றனர். ஆனால் செருகுவாயில் பொருந்தும் நினைவகம் எல்லாம் இயங்குவதில்லை; இயங்கும் நினைவகம் எல்லாம் உறையில் அச்சிட்ட வேகத்தில் இயங்குவதும் இல்லை. 64 கிகாபைட்டும் அதற்கு மேலும் நினைவகம் பொருத்தும்போது இவ்வேறுபாடு தெளிவாக வெளிப்படுகின்றது.

பின்னணி

மேசைக் கணினிகளில் பயன்படும் முதன்மை நினைவகம் இயங்குநிலை நினைவகம் என்னும் வகையைச் சேர்ந்தது. இதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகின்றது. மின்தேக்கியின் மின்னூட்டம் தானாகவே கசிந்துவிடுவதால், அதனை நொடிக்குப் பலமுறை புதுப்பிக்க வேண்டும். இப்பணியையும், தரவை எழுதுதல், படித்தல் ஆகிய பணிகளையும் நினைவகக் கட்டுப்படுத்தி என்னும் மின்சுற்று மேற்கொள்கின்றது.

முற்காலத்தில் நினைவகக் கட்டுப்படுத்தி தாய்ப்பலகையில் உள்ள தனியொரு சில்லில் அமைந்திருந்தது. ஏஎம்டி நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அத்லான் 64 செயலிகளிலும், இன்டெல் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் கோர் ஐ7 செயலிகளிலும் அது மையச் செயலகத்தின் உள்ளேயே அமைக்கப்பட்டது. ஆகவே இன்று ஒரு கணினி எவ்வகை நினைவகத்தை, எவ்வளவு, எவ்வேகத்தில் ஏற்கும் என்பதை முதலில் வரையறுப்பது மையச் செயலகமே ஆகும். தாய்ப்பலகையின் கம்பித்தட அமைப்பும், பயாஸ் எனப்படும் தொடக்க நிரலும் அதற்கடுத்த எல்லைகளை விதிக்கின்றன.

நினைவகத் தலைமுறைகள்

நினைவகச் சில்லுகள் பல ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையில் பொருத்தப்பட்டு விற்கப்படுகின்றன. இக்கட்டுரையில் அது நினைவகப் பலகை எனப்படுகின்றது. இதன் செந்தரங்களை ஜெடெக் என்னும் அமைப்பு வகுத்து வெளியிடுகின்றது. மேசைக் கணினிகளில் பயன்பட்ட இரட்டைத் தரவுவீத நினைவகத்தின் தலைமுறைகள் பின்வருமாறு:

* டிடிஆர்: செந்தரம் வெளியான ஆண்டு 2000, 184 தொடுமுனைகள், 2.5 வோல்ட்டு.
* டிடிஆர்2: 2003, 240 தொடுமுனைகள், 1.8 வோல்ட்டு.
* டிடிஆர்3: 2007, 240 தொடுமுனைகள், 1.5 வோல்ட்டு.
* டிடிஆர்4: 2012, 288 தொடுமுனைகள், 1.2 வோல்ட்டு.
* டிடிஆர்5: 2020, 288 தொடுமுனைகள், 1.1 வோல்ட்டு.

ஒரு தலைமுறையின் பலகையை மற்றொரு தலைமுறையின் செருகுவாயில் பொருத்த இயலாது. தொடுமுனைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் தலைமுறைகளிலும், பலகையின் விளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. வெட்டு பொருந்தாத பலகையை அழுத்திப் பொருத்த முயன்றால் செருகுவாய் உடைந்துவிடும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான இன்டெலின் 12ஆம் தலைமுறைச் செயலிகள் டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரண்டையும் ஏற்பவை. எனினும் அவற்றுக்கான தாய்ப்பலகைகள் பொதுவாக ஏதேனும் ஒன்றுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டுள்ளன. எனவே செயலியின் விவரங்களை மட்டும் பார்த்து நினைவகத்தை வாங்குவது போதாது.

பலகைகளின் வகைகள்

ஒரே தலைமுறைக்குள்ளும் பல வகைப் பலகைகள் உள்ளன. சாதாரண மேசைக் கணினிகளில் இடைத்தாங்கி அற்ற டிம் பலகைகள் பயன்படுகின்றன. மடிக்கணினிகளிலும் சில சிறு கணினிகளிலும் எஸ்ஓ-டிம் எனப்படும் குறுகிய பலகைகள் பயன்படுகின்றன. வழங்கிக் கணினிகளில், கட்டளைச் சைகைகளைத் தாங்கி அனுப்பும் தனிச் சில்லைக் கொண்ட பதிவேட்டுப் பலகைகள் பயன்படுகின்றன.

பழைய வழங்கிகளிலிருந்து கழற்றப்பட்ட டிடிஆர்4 பதிவேட்டுப் பலகைகள் பெருங்கொள்ளளவில் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. இவை மேசைக் கணினியின் டிடிஆர்4 செருகுவாயில் எளிதாகப் பொருந்தும். ஆனால் சாதாரண மேசைக் கணினி இவற்றைக் கொண்டு தொடங்காது. டிடிஆர்5 தலைமுறையில் இவ்விரு வகைகளின் வெட்டும் மின்னழுத்த வழங்கலும் வேறுபடுத்தப்பட்டமையால், தவறாகச் செருகும் வாய்ப்பு நீங்கியது.

பிழைதிருத்து நினைவகம் மற்றொரு வகையாகும். இதில் தரவோடு கூடுதல் பிட்டுகளும் சேமிக்கப்படுவதால், ஒரு பிட்டு தவறினால் அதைக் கண்டறிந்து திருத்த இயலும். இதன் பயன் கிடைக்க, மையச் செயலகமும் தாய்ப்பலகையும் அதை ஆதரிக்க வேண்டும். டிடிஆர்5 சில்லுகள் அனைத்திலும் சில்லினுள்ளேயே பிழை திருத்தும் அமைப்பு உள்ளது. ஆனால் அது சில்லுக்குள் நிகழும் பிழைகளை மட்டுமே திருத்தும். சில்லுக்கும் செயலிக்கும் இடையே செல்லும்போது சிதையும் தரவை அது காப்பதில்லை. ஆதலால் விற்பனை விளம்பரங்களில் காணப்படும் அச்சொல்லை முழுமையான பிழைதிருத்து நினைவகம் எனக் கொள்ளலாகாது.

கொள்ளளவின் எல்லைகள்

ஒரு நினைவகப் பலகை செயலியோடு 64 பிட்டு அகலத்தில் தரவைப் பரிமாறுகின்றது. பரவலாகப் பயன்படும் சில்லு ஒன்று 8 பிட்டு அகலம் கொண்டது. ஆகவே 8 சில்லுகள் சேர்ந்து 64 பிட்டுகளை நிரப்புகின்றன. இவ்வாறு அமைந்த ஒரு தொகுதி ரேங்க் எனப்படுகின்றது. பலகையில் இத்தகைய தொகுதி ஒன்றோ இரண்டோ இருக்கலாம்.

சில்லின் கொள்ளளவு கிகாபிட்டிலும், பலகையின் கொள்ளளவு கிகாபைட்டிலும் அளக்கப்படுகின்றன. 8 கிகாபிட்டு ஒரு கிகாபைட்டு ஆகும். 16 கிகாபிட்டுச் சில்லுகள் 8 கொண்ட ஒற்றை ரேங்க் பலகையின் கொள்ளளவு 16 கிகாபைட்டு. அவையே 16 இருந்தால் 32 கிகாபைட்டு. இவ்வாறே 24 கிகாபிட்டுச் சில்லுகள் 16 கொண்டு 48 கிகாபைட்டுப் பலகையும், 32 கிகாபிட்டுச் சில்லுகள் 16 கொண்டு 64 கிகாபைட்டுப் பலகையும் செய்யப்படுகின்றன.

நினைவகக் கட்டுப்படுத்தி தான் வடிவமைக்கப்பட்ட காலத்துச் சில்லுகளின் உள்ளமைப்பையே அறியும். எடுத்துக்காட்டாக, 2013ஆம் ஆண்டில் வெளியான இன்டெலின் 4ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் 4 கிகாபிட்டு வரையிலான டிடிஆர்3 சில்லுகளையே ஆதரிக்கின்றன. அதனால் ஒரு பலகைக்கு 8 கிகாபைட்டு, நான்கு பலகைகளுக்கு 32 கிகாபைட்டு என்பதே அவற்றின் எல்லையாக உள்ளது. பின்னர் வெளிவந்த 16 கிகாபைட்டு டிடிஆர்3 பலகைகள் 8 கிகாபிட்டுச் சில்லுகளால் ஆனவை. அவை தலைமுறை, தொடுமுனை, மின்னழுத்தம் ஆகிய அனைத்திலும் ஒத்திருந்தும் அச்செயலிகளுக்குப் பயன்படுவதில்லை. 2023ஆம் ஆண்டில் 24, 48 கிகாபைட்டு டிடிஆர்5 பலகைகள் பரவலாகச் சந்தைக்கு வந்தபோது, முன்னரே விற்கப்பட்ட பல தாய்ப்பலகைகள் பயாஸ் நிரலைப் புதுப்பித்த பின்னரே அவற்றை ஏற்றன. சில எல்லைகளை நிரலால் நீக்கலாம், சிலவற்றை நீக்க இயலாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இயங்குதளமும் ஓர் எல்லையை விதிக்கின்றது. 32 பிட்டு முகவரியால் சுட்டக்கூடிய இடங்கள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4 கிகாபைட்டு ஆகும். அதற்கு மேற்பட்ட நினைவகத்தை முழுமையாகப் பயன்படுத்த 64 பிட்டு இயங்குதளம் தேவை. 64 பிட்டு இயங்குதளங்களிலும் பதிப்புக்கு ஏற்ப எல்லை மாறுகின்றது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றின் இல்லப் பதிப்பு 128 கிகாபைட்டு வரையும், தொழில்முறைப் பதிப்பு 2 டெராபைட்டு வரையும் நினைவகத்தைப் பயன்படுத்துகின்றன. ஆகவே 48 கிகாபைட்டுப் பலகைகள் நான்கைப் பொருத்தி 192 கிகாபைட்டு நினைவகம் அமைத்தவர் இல்லப் பதிப்பை நிறுவினால், 64 கிகாபைட்டு பயனற்றுக் கிடக்கும்.

தடங்களும் செருகுவாய்களும்

பொதுவான மேசைக் கணினிச் செயலிகள் இரண்டு நினைவகத் தடங்களைக் கொண்டுள்ளன. தடம் என்பது கணினிக் கடைகளில் சேனல் எனப்படுவதாகும். இரு தடங்களிலும் பலகைகள் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டிலும் தரவு பாய்வதால், மொத்தப் பட்டையகலம் இரட்டிப்பாகின்றது. ஒரே கொள்ளளவை ஒரு பலகையாக வாங்குவதைவிட இரு சம பலகைகளாக வாங்குவது இதனாலேயே பரிந்துரைக்கப்படுகின்றது. வரைகலைச் செயலி மையச் செயலகத்தினுள்ளேயே அமைந்த கணினிகளில் இவ்வேறுபாடு மேலும் மிகுதியாக உணரப்படும். அவ்வரைகலைச் செயலியும் இதே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதே காரணம்.

நான்கு செருகுவாய்கள் உள்ள தாய்ப்பலகையில் ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு செருகுவாய்கள் உண்டு. நான்கு செருகுவாய்கள் என்பதால் நான்கு தடங்கள் எனக் கருதுவது தவறாகும். இரு பலகைகளை மட்டும் பொருத்தும்போது பெரும்பாலான தாய்ப்பலகைகளில் செயலியிலிருந்து எண்ணும்போது வரும் இரண்டாம், நான்காம் செருகுவாய்களைப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு தடத்தின் கம்பியும் முதற் செருகுவாயைக் கடந்து இரண்டாவதில் முடிகின்றது. கம்பியின் முடிவில் பலகை இல்லாவிட்டால், சைகை அங்கு மோதித் திரும்பி, பின்வரும் சைகைகளைக் குலைக்கின்றது. சரியான இடம் தாய்ப்பலகையின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

கொள்ளளவும் வேகமும்

ஒரு தடத்தில் இரண்டு பலகைகளைப் பொருத்தும்போது, கட்டுப்படுத்தி அதே கம்பிகளின் வழியே இரு மடங்கு சில்லுகளை இயக்க வேண்டியுள்ளது. மின்சுமை கூடுவதால் சைகையின் தெளிவு குறைகின்றது. அதை ஈடுசெய்ய வேகத்தைக் குறைக்க வேண்டியதாகின்றது. டிடிஆர்4 நினைவகத்தில் இக்குறைவு பல கணினிகளில் பொருட்படுத்தத்தக்கதாக இருக்கவில்லை. டிடிஆர்5 நினைவகத்தின் உயர்ந்த வேகங்களில் அது பெரிதாகியுள்ளது.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை மேசைக் கணினிச் செயலிகளுக்கு அந்நிறுவனம் உறுதியளிக்கும் வேகம், இரு பலகைகள் எனின் டிடிஆர்5-5200, நான்கு பலகைகள் எனின் டிடிஆர்5-3600 ஆகும். ரைசன் 9000 வரிசையில் இரு பலகைகளுக்கான வேகம் 5600 ஆக உயர்ந்தது. நான்கு பலகைகளுக்கான வேகம் 3600 ஆகவே உள்ளது. இங்கு தரப்படும் எண் ஒரு நொடியில் நிகழும் பரிமாற்றங்களை மில்லியனில் குறிக்கின்றது. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 8 பைட்டுகள் செல்வதால், பட்டையகலத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

* இரு தடங்களில் டிடிஆர்5-5600: 5600 × 8 × 2 = நொடிக்கு 89.6 கிகாபைட்டு
* இரு தடங்களில் டிடிஆர்5-3600: 3600 × 8 × 2 = நொடிக்கு 57.6 கிகாபைட்டு

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 70 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரி ஒன்றைத் தம் கணினியில் மையச் செயலகத்தைக் கொண்டே இயக்க விரும்பும் மாணவர் ஒருவரைக் கொள்வோம். ஓர் அளவுருவுக்கு 4 பிட்டு எனச் சுருக்கினாலும் அம்மாதிரிக்கு 35 கிகாபைட்டு நினைவகம் தேவை. ஒவ்வொரு சொற்கூறை உருவாக்கவும் ஏறத்தாழ அந்த 35 கிகாபைட்டையும் ஒருமுறை படிக்க வேண்டும். எனவே நொடிக்குக் கிடைக்கக்கூடிய சொற்கூறுகளின் உச்ச அளவு, முதல் அமைப்பில் ஏறத்தாழ 2.6, இரண்டாவதில் ஏறத்தாழ 1.6 ஆகும். கொள்ளளவைக் கூட்டுவதற்காக நான்கு பலகைகளைப் பொருத்தியவர், எப்பணிக்காக அக்கொள்ளளவை நாடினாரோ அப்பணியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுகின்றார்.

இதற்கு மாறாக, பெரிய படத்தொகுப்பு, பல மெய்நிகர் கணினிகளை ஒருங்கே இயக்குதல் போன்ற பணிகளில் நினைவகம் போதாமற் போனால், இயங்குதளம் தரவை வட்டுக்கு மாற்றி மாற்றி எழுத நேரிடும். வட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. அத்தகைய நிலையில் 3600 வேகத்தில் இயங்கும் 128 கிகாபைட்டு, 5600 வேகத்தில் இயங்கும் 64 கிகாபைட்டைவிட மேலானதாகும். ஆகவே முதலில் பணிக்குத் தேவையான கொள்ளளவை அறிந்து, பின்னர் அக்கொள்ளளவை இரு பலகைகளில் அடைய இயலுமா எனப் பார்ப்பது சரியான வரிசையாகும்.

வேகம், தாமதம், முன்வரையறைகள்

நினைவகத்தின் தாமதம் சிஎல் என்னும் எண்ணால் குறிக்கப்படுகின்றது. இது கடிகாரச் சுழற்சிகளின் எண்ணிக்கையே அன்றி நேரம் அன்று. அதை 2000 ஆல் பெருக்கிப் பரிமாற்ற வீதத்தால் வகுத்தால் நானோநொடியில் நேரம் கிடைக்கும். டிடிஆர்4-3200, சிஎல் 16 எனின் 10 நானோநொடி. டிடிஆர்5-6000, சிஎல் 30 எனினும் அதே 10 நானோநொடி. டிடிஆர்5-5600, சிஎல் 46 எனின் ஏறத்தாழ 16.4 நானோநொடி. எனவே சிஎல் எண்ணை மட்டும் கொண்டு இரு நினைவகங்களை ஒப்பிடலாகாது.

ஒவ்வொரு பலகையிலும் உள்ள ஒரு சிறு சில்லில் அதன் கொள்ளளவு, வேகம், தாமதம் ஆகியவை பதிவு செய்யப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது பயாஸ் இப்பதிவைப் படித்து, ஜெடெக் செந்தரத்துக்கு உட்பட்ட வேகத்தைத் தெரிவு செய்கின்றது. உறையில் அச்சிடப்படும் உயர்ந்த வேகம் பெரும்பாலும் இன்டெலின் எக்ஸ்எம்பி, ஏஎம்டியின் எக்ஸ்போ ஆகிய முன்வரையறைகளில் ஒன்றைச் சார்ந்தது. பயனர் அதைப் பயாஸில் இயக்காத வரை நினைவகம் குறைந்த வேகத்திலேயே செயற்படும். இம்முன்வரையறைகள் செயலியின் உறுதியளிக்கப்பட்ட வேகத்தை மீறியவையாக இருக்கலாம். அப்போது நினைவகப் பலகை தரமானதாக இருந்தும், செயலியின் கட்டுப்படுத்தியால் அவ்வேகத்தைத் தாங்க இயலாமற் போவதுண்டு.

கலந்து பொருத்துதல்

முன்னர் வாங்கிய இரு பலகைகளோடு பின்னர் மேலும் இரண்டை வாங்கிச் சேர்ப்பது பரவலான வழக்கமாகும். இவ்வாறு சேர்க்கும்போது அனைத்துப் பலகைகளும் அவற்றுள் மெதுவானதன் வேகத்துக்கே இறங்குகின்றன. ஒரே நிறுவனத்தின் ஒரே பெயர் கொண்ட பலகைகளிலும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு சில்லுகள் பயன்படுத்தப்படலாம். தொகுப்பாக விற்கப்படும் பலகைகள் மட்டுமே ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. இரு தொகுப்புகள் தனித்தனியே குறையற்றவையாக இருந்தும், ஒன்றாக இயங்கும்போது பிழை தரக்கூடும்.

சோதனை

தாய்ப்பலகை நிறுவனங்கள் தாம் சோதித்த நினைவகங்களின் பட்டியலைத் தம் இணையத்தளங்களில் வெளியிடுகின்றன. இப்பட்டியலில் பலகையின் முழுமையான உறுப்பு எண், வேகம், எத்தனை செருகுவாய்களில் சோதிக்கப்பட்டது ஆகியவை இடம்பெறும். இரண்டு செருகுவாய்களில் மட்டும் சோதிக்கப்பட்ட பலகை நான்கிலும் இயங்கும் எனக் கொள்ளலாகாது. பட்டியலில் இல்லாத நினைவகம் இயங்காது என்பதும் இல்லை. அது அத்தாய்ப்பலகையில் சோதிக்கப்படவில்லை என்பதே அதன் பொருளாகும்.

டிடிஆர்5 நினைவகம் பொருத்திய கணினி முதன்முறை தொடங்கும்போது, கட்டுப்படுத்தி ஒவ்வொரு கம்பியின் நேர அமைவையும் அளந்து சரிசெய்கின்றது. கொள்ளளவு மிகுதியாக இருந்தால் திரை சில நிமிடங்கள் வெறுமையாகவே இருக்கலாம். இதைப் பழுது எனக் கருதி இடையில் மின்சாரத்தை நிறுத்தினால், அளவீடு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

கணினி தொடங்கி, முழுக் கொள்ளளவும் திரையில் தெரிந்தாலும் பொருத்தப்பாடு உறுதியாகிவிடுவதில்லை. நினைவகப் பிழை பெரும்பாலும் எந்த அறிவிப்பையும் தருவதில்லை. மாறிப்போன ஒரு பிட்டு, படத்தில் ஒரு புள்ளியாகவோ, கணக்கில் ஒரு தவறாகவோ, திறக்கவியலாத கோப்பாகவோ வட்டில் எழுதப்பட்டு, காப்புப்படிகளிலும் பரவிவிடும். கூகுள் நிறுவனத்தின் வழங்கிகளைக் கொண்டு 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஆண்டொன்றில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை நிகழ்ந்ததைக் காட்டியது. அவ்வழங்கிகளில் பிழைதிருத்து நினைவகம் இருந்தமையாலேயே அப்பிழைகளை எண்ண இயன்றது. சாதாரண மேசைக் கணினியில் அவ்வசதி இல்லாததால், மெம்டெஸ்ட்86+ போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு பயனரே சோதிக்க வேண்டும். இச்சோதனை இயங்குதளம் இன்றி நேரடியாகத் தொடங்கி, நினைவகம் முழுவதிலும் பல்வேறு கோலங்களை எழுதிப் படித்துப் பார்க்கின்றது. பெருங்கொள்ளளவு நினைவகத்துக்கு இது பல மணிநேரம் எடுக்கும். ஒரு பிழை தோன்றினாலும் அந்த அமைவை ஏற்கலாகாது. முன்வரையறையை நீக்கி மீண்டும் சோதித்தால், குறை வேகத்தில் உள்ளதா பலகையில் உள்ளதா என்பது தெளிவாகும்.

தெரிவு செய்யும் முறை

செயற்கை நுண்ணறிவு வழங்கிகளுக்கான தேவையால் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை பெருமளவு உயர்ந்தது. விலை உயர்ந்த காலங்களில் தவறான தெரிவின் இழப்பும் பெரிதாகும். நினைவகத்தை வாங்குமுன் பின்வருவனவற்றை வரிசையாக உறுதி செய்துகொள்ளலாம்.

1. பணிக்குத் தேவையான கொள்ளளவு எவ்வளவு என்பதை முடிவு செய்தல்.
2. செயலியின் அதிகாரப்பூர்வ விவரங்களில் நினைவகத் தலைமுறை, உச்சக் கொள்ளளவு, இரு பலகைகளுக்கும் நான்கு பலகைகளுக்கும் உரிய வேகம் ஆகியவற்றைப் பார்த்தல்.
3. தாய்ப்பலகையின் தலைமுறை, ஒரு செருகுவாய்க்கான உச்சக் கொள்ளளவு, தேவையான பயாஸ் பதிப்பு ஆகியவற்றைப் பார்த்தல்.
4. இயங்குதளப் பதிப்பின் எல்லையைச் சரிபார்த்தல்.
5. தேவையான கொள்ளளவை இரு பலகைகள் கொண்ட ஒரே தொகுப்பாக வாங்குதல். பின்னர் கூட்ட வேண்டியிருக்கும் எனத் தெரிந்தால் தொடக்கத்திலேயே பெரிய பலகைகளைத் தெரிவு செய்தல்.
6. உறுப்பு எண்ணைச் சோதனைப் பட்டியலோடு ஒப்பிடுதல்.
7. வெப்பத்தகட்டின் உயரம் செயலியின் குளிர்விப்பானில் இடிக்காது என உறுதி செய்தல்.
8. திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியுமுன் முழுமையான நினைவகச் சோதனையைச் செய்தல்.

இவற்றையும் பார்க்க

* தற்போக்கு அணுகல் நினைவகம்
* தாய்ப்பலகை
* மையச் செயலகம்
* பயாஸ்